காசும் பொருளும் கைமாறும் வேளை

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பெரும்போக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வருகின்ற மாசி, பங்குனி மாதங்களில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பழைய பொருள்களின் விற்பனை சூடு பிடிப்பதை நாம் எல்லோரும் அறிவோம். முன்னர் இந்த வேலையைச் சந்தியில் நிற்கின்ற தரகர் செய்தார். அவர் யாருடைய மகன், எந்த ஊரில் பெண் எடுத்தவர் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்த இடத்தை இக்மன் தளமும் பேஸ்புக் சந்தையும் வட்ஸ்அப் குழுக்களும் பிடித்துக்கொண்டுள்ளன. தெரிவு கூடியிருக்கிறது, விலையும் பல வேளைகளில் நியாயமாகவே இருக்கிறது. ஆனால் காசு கொடுப்பவரும் பொருள் கொடுப்பவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். நான் வங்கிச் சேவையில் இருந்து ஓய்வுபெற்றவன். என் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்து அழுதவர்களின் கதைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தபோது, காசு ஒரு கையில் இருந்து போய்விட்டது, பொருள் மற்றக் கைக்கு இன்னும் வரவில்லை என்ற அந்த இடைவெளியில்தான் ஏறக்குறைய எல்லா மோசடிகளும் குடியிருக்கின்றன என்பது எனக்குப் புலப்பட்டது. ஆகவே கொடுப்பனவு முறை ஒவ்வொன்றையும், அந்த இடைவெளியை அது எவ்வளவு தூரம் குறைக்கிறது அல்லது கூட்டுகிறது என்ற ஒரே அளவுகோலைக் கொண்டுதான் இன்று பேசப்போகிறேன்.

கல்லடியில் என் வீட்டுக்கு அடுத்த வளவில் இருப்பவர் ஒரு டீப் பிரீசரை எண்பத்தையாயிரம் ரூபாய்க்கு விற்பதாக விளம்பரம் போட்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், கொழும்பில் இருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர் விலை பேசாமலே ஒப்புக்கொண்டு, இரண்டு மணியளவில் வங்கி முத்திரை குத்திய வைப்புச் சீட்டின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். மூன்றரை மணிக்கு வாடகை லொறியும் வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கைத்தொலைபேசியோடு வேலியருகே வந்து, “சேர், காசு விழுந்திட்டு, லொறியும் வந்திட்டு, ஏத்தவா?” என்று கேட்டார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முத்திரை உண்மையானது, கணக்கு இலக்கமும் சரி, தொகையும் சரி. ஆனால் சீட்டின் இடது ஓரம் வெட்டப்பட்டிருந்தது. தாள்களின் எண்ணிக்கையை எழுதுகின்ற கட்டங்கள் அந்தப் படத்தில் இருந்தன, அவை வெறுமையாக இருந்தன. வெட்டப்பட்ட பக்கத்தில்தான் காசோலை இலக்கம் எழுதும் கட்டம் இருந்திருக்க வேண்டும். போடப்பட்டது காசு அல்ல, காசோலை.

காசோலை என்பது காசு தருவதாகச் சொல்லும் ஒரு தாள்தானேயன்றிக் காசு அல்ல. 2006ஆம் ஆண்டில் காசோலையின் படத்தை மின்வழி அனுப்பித் தீர்வு செய்கின்ற முறை நம் நாட்டில் வந்தபிறகு, முன்னர் போல நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை; பொதுவாக அடுத்த வேலை நாளில் முடிவு தெரிந்துவிடும். ஆயினும் வெள்ளி பிற்பகல் போட்ட காசோலைக்கு அடுத்த வேலை நாள் திங்கள். அந்தத் திங்கள் போயா தினமாக அமைந்தால் செவ்வாய். மோசடிக்காரர்கள் நாட்காட்டி பார்த்துத்தான் வருகிறார்கள். அந்த இரண்டு மூன்று நாட்களும் கணக்கில் தொகை தெரியக்கூடும். மொத்த மீதி என்று காட்டப்படுவதை விட்டுவிட்டு, எடுக்கக்கூடிய மீதி எவ்வளவு என்பதையே பார்க்க வேண்டும். முன்பின் அறியாதவரிடம் பழைய பொருளுக்குக் காசோலை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. லொறிச் சாரதி பாவம், அவரும் தொலைபேசியில் வாடகைக்குப் பிடிக்கப்பட்டவர். தேநீர் குடித்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.

அடுத்து, வங்கி விட்டு வங்கிக்கு உடனடியாகப் பணம் அனுப்பும் முறை. 2015இல் தொடங்கிய செப்ட்ஸ் வழியாக, எந்த வங்கியின் செயலியில் இருந்தும் மற்றொரு வங்கிக் கணக்குக்குச் சில விநாடிகளில், விடுமுறை நாளிலும் நள்ளிரவிலும்கூடப் பணம் போய்ச் சேருகிறது. விற்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வாங்குபவருக்கோ அதே வேகம்தான் ஆபத்து, ஏனெனில் போன பணத்தைப் பெற்றவரின் சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இல்லாமல் வங்கி தன்னிச்சையாகத் திருப்பி எடுக்க மாட்டாது. சிலிப்ஸ் என்ற பழைய வழியில் அனுப்பும் பணம் தொகுதி தொகுதியாகத் தீர்க்கப்படுவதால் தாமதமாகும், “அனுப்பிவிட்டேன், இன்னும் வரவில்லையா?” என்று கேட்பவர் சில வேளைகளில் உண்மையே சொல்லக்கூடும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அவருடைய நேர்மையை ஆராய்வது உங்கள் வேலை அல்ல. அவர் காட்டுகின்ற ஸ்கிரீன்ஷொட்டைப் பத்து நிமிடத்தில் யாரும் செய்யலாம்; வங்கியின் பெயரிலேயே வருகின்ற குறுஞ்செய்தியும் போலியாக இருக்கலாம். உங்கள் செயலியை நீங்களே திறந்து, உங்கள் கணக்கில், உங்கள் கண்ணால் பணத்தைக் காணும்வரை பொருள் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். செயலி இல்லாதவர்கள் வங்கிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கலாம், வங்கியின் இலக்கத்தை அட்டையின் பின்புறத்தில் பார்த்து எடுக்க வேண்டும். வாங்க வந்தவர் தருகின்ற இலக்கத்துக்கு எடுக்கக் கூடாது.

பணம் உண்மையாகவே வந்துவிட்டால் எல்லாம் சரிதானே என்று கேட்பீர்கள். இல்லை. படித்தவர்களும் விழுகின்ற குழி ஒன்று உண்டு. நீங்கள் ஒரு மடிக்கணினியை ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறீர்கள். வாங்குவதாகச் சொல்பவர் உங்கள் கணக்கு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அதே நேரத்தில் அவர் வேறொரு பெயரில், அதே விலைக்கு ஒரு கைத்தொலைபேசி விற்பனைக்கு உண்டு என்று விளம்பரம் போட்டு, அக்கரைப்பற்றில் இருக்கின்ற ஒரு தம்பியிடம் உங்கள் கணக்கு இலக்கத்தைத் தன்னுடையது என்று கொடுக்கிறார். அந்தத் தம்பி பணத்தை அனுப்புகிறார். அது உங்கள் கணக்குக்கு வருகிறது. நல்ல பணம், உண்மையான பணம். மோசடிக்காரர் வந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போகிறார். தொலைபேசி வராத தம்பி பொலிஸில் முறைப்பாடு செய்கின்றபோது, அவரிடம் இருக்கின்ற ஒரே தடயம் உங்கள் பெயரும் உங்கள் கணக்கு இலக்கமும்தான். நீங்கள் நிரபராதி என்பது இறுதியில் தெளிவாகலாம். ஆனால் அதற்கிடையில் வாக்குமூலம், முடக்கப்பட்ட கணக்கு, நீதிமன்றத் தவணை என்று அலைய நேரிடும்.

இதற்குத் தடுப்பு எளிமையானது. பணம் அனுப்பியவரின் பெயரும், உங்கள் முன்னால் நிற்பவரின் தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். “மச்சான் போட்டார், வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் போட்டார்” என்றால், அந்த மச்சானோடு பேசி, எந்தப் பொருளுக்காகப் பணம் போட்டீர்கள் என்று கேளுங்கள். நம் பகுதியில் கட்டாரிலும் சவூதியிலும் இருந்து அண்ணன்மார் பணம் போடுவது நாள்தோறும் நடப்பதுதான். அதனாலேயே இந்தப் பொய் இங்கே நன்றாக எடுபடுகிறது. கூடுதலாகப் பணம் வந்துவிட்டது, மிகுதியை இன்னொரு கணக்குக்கு அனுப்புங்கள் என்று கேட்டால் அனுப்ப வேண்டாம். வந்த பணம் வந்த கணக்குக்கே, வங்கியின் ஊடாகத் திரும்பிப் போகட்டும்.

விற்பவருக்குச் செய்கின்ற இன்னொரு வஞ்சனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் பெறுவதற்கு உங்களிடம் தேவையானது கணக்கு இலக்கம், பெயர், வங்கி, கிளை ஆகிய நான்கும் மட்டுமே. அட்டையின் பின்புறத்தில் உள்ள மூன்று இலக்கங்களையோ, குறுஞ்செய்தியில் வருகின்ற, ஒரு முறைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஓ.ரி.பி. இலக்கத்தையோ, ஓர் இணைப்பை அழுத்தி விபரம் நிரப்புவதையோ யாராவது கேட்டால் அவர் தருபவர் அல்லர், எடுப்பவர். கியூ.ஆர். குறியீடும் அவ்வாறே: அதை ஸ்கேன் செய்பவர் பணம் கொடுப்பவர், பணம் பெறுபவர் ஸ்கேன் செய்ய வேண்டியதே இல்லை.

இனி வாங்குபவரின் பக்கம். முற்பணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நிதானிக்க வேண்டும். “வெளிநாடு போவதால் அவசர விற்பனை, மூன்று பேர் கேட்கிறார்கள், ஐயாயிரம் போட்டால் உங்களுக்கு வைத்திருப்பேன்” என்ற வாசகம் பொய்யாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம்; நம் ஊர்களில் உண்மையாகவே அப்படி அவசரமாக விற்றுவிட்டுப் போகின்றவர்கள் நிறையப் பேர். எனவே அவசரத்தை வைத்து ஆளைத் தீர்மானிக்க முடியாது. பொருளை நேரில் பாராமல் ஒரு சதமும் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டால், இழப்பது அதிகபட்சம் ஒரு நல்ல பேரம்தான்.

பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறை பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். களுவாஞ்சிக்குடியில் இருக்கின்ற என் மருமகனும் அப்படித்தான் நம்பினார். கூரியர் பையன் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே நின்றான். பணம் தந்த பிறகுதான் பொதியைத் திறக்கலாம் என்பது அவர்களின் விதி. முப்பத்தெட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திறந்தால், தொலைபேசிப் பெட்டிக்குள் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு சவர்க்காரக் கட்டிகள் இருந்தன. நிறையில்கூடக் குறை வைக்கவில்லை. இந்த முறையில் நீங்கள் வாங்குவது பொதியைத்தான், பொருளை அல்ல. திறந்து பார்த்துப் பணம் கொடுக்க இடமுண்டா என்று முன்கூட்டியே கேட்டு, இல்லையென்றால் சிறிய தொகைக்கு மட்டும் இந்த முறையை வைத்துக்கொள்வது நல்லது.

கைக்காசுதான் பழையதும் நல்லதும் என்பாருக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன், இடத்தைச் சரியாகத் தெரிவு செய்தால். வாங்குபவரின் வங்கிக் கிளையிலேயே காலை வேளையில் சந்தியுங்கள். அவர் எடுக்கின்ற காசை அந்த இடத்திலேயே எண்ணி, விற்பவர் தன் கணக்கில் வைப்பிலிட்டுவிடலாம். கள்ள நோட்டுப் பயமும் இல்லை, காசோடு பஸ்ஸில் போகின்ற பயமும் இல்லை. வேறிடத்தில் வாங்க நேர்ந்தால் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். 2010ஆம் ஆண்டுத் தொடர் தாள்களில் முன்பக்கத்தில் அச்சிட்டிருக்கின்ற பறவையே நீர்க்குறியாகவும் தெரிய வேண்டும்.

மோட்டார் சைக்கிளுக்கும் உழவு இயந்திரத்துக்கும் பணம் மட்டும் போதாது. பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், விற்பவரின் கையில் காசு கொடுக்காமல் இருவரும் சேர்ந்து அந்த நிறுவனத்தின் கருமபீடத்துக்குப் போய், மிகுதிக் கடனை அங்கேயே கட்டிப் பற்றுச்சீட்டுப் பெற்ற பின்பு, எஞ்சியதை விற்பவருக்குக் கொடுங்கள். பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுக்கின்ற ‘ஓபன் பேப்பர்’ வழக்கம் நம்மிடம் ஊறிப்போய்விட்டது. நாளை அந்த வண்டி விபத்தில் சிக்கினால் பொலிஸ் வந்து நிற்பது பதிவில் பெயர் உள்ளவரின் வாசலில்தான். கைத்தொலைபேசி என்றால், நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தி வருகின்ற ஐ.எம்.ஈ.ஐ. எனப்படும், அந்தத் தொலைபேசிக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு எழுத்துகளை ஆங்கிலத்தில் (IMEI) எழுதி, ஓர் இடைவெளி விட்டு எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவாகியுள்ளதா என்று பதில் வரும். பதிவாகியிருப்பதால் மட்டும் அது களவுப் பொருள் அல்ல என்று ஆகிவிடாது. ஆகவே முதல் வாங்கிய பற்றுச்சீட்டையும் கேளுங்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த கணத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க நேரமில்லை. முதலில் உங்கள் வங்கியின் 24 மணி நேர இலக்கத்துக்கு எடுத்து, பணம் போன கணக்கைப் பற்றி அந்த வங்கிக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் அந்த நிமிடங்கள் பெறுமதியானவை. அதன்பின் பொலிஸ் முறைப்பாடு. விளம்பரத்தையும் உரையாடலையும் அழித்துவிடாமல், இலக்கங்கள் தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை கணினி அவசர பதிலளிப்புக் குழுவின் 101 இலக்கத்திலும், வங்கி உரிய பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்திலும் பேசலாம்.

அந்த டீப் பிரீசர் அடுத்த வாரம் விலைப்பட்டது. வாழைச்சேனையில் இருந்து மீன் வியாபாரம் செய்கின்ற கணவனும் மனைவியும் வந்து, மின்சாரம் கொடுத்து இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டு, உள்ளே வைத்த தண்ணீர்ப் போத்தல் உறைகிறதா என்று பார்த்தார்கள். எண்பத்தோராயிரத்துக்குப் பேரம் முடிந்தது. அந்தப் பெண் முதலில் நூறு ரூபாயை அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர் தன் செயலியில் அதைக் கண்டு பெயரை வாசித்துச் சொன்ன பிறகு, மிகுதி எண்பதாயிரத்துத் தொள்ளாயிரத்தை அனுப்பினார். பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, திகதி, பொருளின் தொடர் இலக்கம், தொகை, பணம் வந்த கணக்கு, இருவரின் அடையாள அட்டை இலக்கங்கள் ஆகியவற்றை நான்தான் இரண்டு பிரதிகளாக எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கையெழுத்து வைத்த பின்னரே லொறியின் பின்கதவு திறக்கப்பட்டது.