சைனஸ் தொற்று: அடைப்பு எங்கே, மருந்து எப்போது?

[திரையில்: முகத்தின் குறுக்குவெட்டுப் படம். கன்ன எலும்புக்குள் உள்ள அறை ஒளிர்கிறது.]

கன்ன எலும்புக்குள் உள்ள இந்தக் காற்றறை சைனஸ்களில் ஒன்று. இதன் வாசலைக் கவனியுங்கள். அடியில் இல்லை, மேலே இருக்கிறது. அதனால் உள்ளே ஊறும் சளி தானாக வடியாது. சுவரிலுள்ள நுண்மயிர்கள் அதை மேல்நோக்கித் தள்ளி மூக்குக்குள் விடவேண்டும். ஜலதோஷம் பிடித்தால் வாசலைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி, சில மில்லிமீட்டரே உள்ள அந்த வழி அடைபடுகிறது. சளி தேங்கும், கன்னம் கனக்கும், குனிந்தால் வலி கூடும்.

பெரும்பாலும் காரணம் வைரஸ்தான். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. சளி பச்சையாகிவிட்டதே என்று மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். வைரஸ் தொற்றிலும் அந்த நிறம் வரும்.

பார்க்கவேண்டியது நாள்கணக்கு. 10 நாளாகியும் குறையவே இல்லை. அல்லது குறைந்துவந்தது ஐந்தாறு நாளில் மறுபடி ஏறுகிறது. அல்லது தொடக்கத்திலேயே 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், சீழ்ச்சளி, முகவலி மூன்று நான்கு நாள் விடவில்லை. அப்போதுதான் பாக்டீரியா சந்தேகம். பெரியவர்களுக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக், அல்லது கிளாவுலனேட் சேர்ந்த அமாக்சிசிலின், வழக்கமாக 5 முதல் 7 நாள்.

[திரையில்: மூக்கு கழுவும் பாட்டில்.]

அதுவரை உப்புநீர்க் கழுவல். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 240 மி.லி., அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள். அதில் நெக்லேரியா அமீபா என்ற நுண்ணுயிரி இருந்தால், குடித்தவருக்கு ஒன்றும் ஆகாது. மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும்.

கழுவிய பிறகே, மூக்குக்குள் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. இடது நாசிக்கு வலது கையால் அடியுங்கள். நுனி தானாகவே காதுப்பக்கம் திரும்பும். இரு நாசிகளையும் பிரிக்கும் நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினாலோ மருந்து தொண்டைக்குப் போய்விடும். பலன் தெரியச் சில நாளாகும். ஒரே நாளில் விட்டுவிடாதீர்கள்.

உடனே மூக்கைத் திறக்கும் ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு வேறு ரகம். 3 நாளோடு நிறுத்துங்கள். தாண்டினால் சொட்டே அடைப்பை உண்டாக்கும்.

12 வாரம் தாண்டியும் தொல்லை இருந்தால் எண்டோஸ்கோப்பி (மூக்குக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது), தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். ஒரு பக்கம் மட்டும் நாற்றச்சளி வந்தால் மேல் கடைவாய்ப்பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். பல்வேரிலிருந்தும் தொற்று ஏறும்.

[திரையில்: சிவப்புப் பட்டை.]

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிதல், கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு: இவற்றில் ஒன்று வந்தாலும் நாள்கணக்கு பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.