தேங்காய் எண்ணெய் வேண்டாம்

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆணோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களுக்கான உரை இது. கோத்தி (உறவில் ஏற்பவர்), பந்தி (கொடுப்பவர்), டபுள் டெக்கர் (இரண்டும்) என்று சொல்லிக்கொள்பவர்களும் கேட்கலாம். எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளாமல் கல்யாணம், பிள்ளைகள் என்று இருப்பவர்களும் கேட்கலாம்.

ஆசனவாயின் உட்புறச் சவ்வு மெல்லியது, தானாக ஈரம் சுரக்காது. உரசினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். துணைவருக்கு எச்.ஐ.வி. இருந்து, அவர் மருந்தும் எடுக்காமல், ஆணுறையும் இல்லாமல் உறவு நடந்தால், ஏற்பவருக்குப் பத்தாயிரம் தடவைக்கு ஏறத்தாழ 138 தடவை தொற்றலாம் என்பது மருத்துவக் கணக்கு. கொடுப்பவருக்கு 11. "நான் பந்தி, எனக்கு வராது" என்கிறவர்கள் அந்தப் பதினொன்றைப் பார்க்கட்டும்.

ஆணுறை கிழிவதற்கு நம் ஊரில் முதல் காரணமாக நான் சொல்வது தேங்காய் எண்ணெயைத்தான். வாசலினும் அப்படியே. எண்ணெய் பட்ட ரப்பர் சில நிமிடங்களிலேயே பலம் இழந்துவிடும். எச்சில் சீக்கிரம் காய்ந்துவிடும். தண்ணீரில் கரையும் ஜெல்தான் சரி, மருந்துக்கடையில் கிடைக்கும். உறையை மாட்டிய பிறகு அதன் வெளிப்பக்கமும் ஆசனவாயிலும் தாராளமாகத் தடவுங்கள், காய்ந்தால் மறுபடி தடவுங்கள். உறைக்குள் நிறைய ஊற்றினால் நழுவி வந்துவிடும். இரண்டு உறை போட்டால் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். பைக் சீட்டுக்கு அடியில் வெயிலில் வெந்த பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள். முடிந்ததும் விறைப்பு தளருமுன் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள்.

கிழிந்துவிட்டதா? எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தைத் தொடங்க 72 மணி நேரம்தான் கெடு. சனிக்கிழமை ராத்திரி என்றால் செவ்வாய் ராத்திரியோடு முடிந்தது; அதிலும் முதல் நாளே போவதுதான் நல்லது. திங்கட்கிழமை வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், 'பெப்' என்ற அந்த மருந்து வேண்டும் என்று கேளுங்கள். 28 நாள், ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். அடிக்கடி இப்படி ஆகிறவர்களுக்கு உறவுக்கு முன்பே எடுக்கும் 'பிரெப்' மாத்திரை இருக்கிறது. எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதித்து, சிறுநீரகமும் ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் தொற்றும் பார்த்த பிறகு, டாக்டர் சீட்டோடுதான் அதைத் தொடங்க வேண்டும்.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உறவு நடந்த மறுநாளே பார்த்து 'இல்லை' என்று வந்தால் அதில் அர்த்தமில்லை. ஆறு வாரத்தில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை பாருங்கள். போகத் தயங்கினால் 1097-க்குக் கூப்பிடலாம், காசில்லை.

பால்வினை நோய்ப் பிரிவில் பலர் வாயைத் திறப்பதில்லை. கொனோரியா தொண்டையிலும் ஆசனவாயிலும் அறிகுறியே இல்லாமல் தங்கும். சிறுநீரை மட்டும் சோதித்தால் தெரியாது. எங்கெங்கே உறவு என்று டாக்டரிடம் சொன்னால்தான் அந்த இடத்தைப் பார்ப்பார். சிபிலிஸ் புண் வலிக்காது, சில வாரத்தில் தானே ஆறிவிடும். நோய் மட்டும் ரத்தத்தில் இருக்கும். வி.டி.ஆர்.எல். என்ற ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் தெரிந்தால் பென்சிலின் ஊசியில் குணமாகும். மனைவி கர்ப்பமாக இருந்தால் அவருக்கும் அன்றே பரிசோதனை செய்யுங்கள், நோய் குழந்தைக்கும் போகலாம்.