காஃப்ஸ்: சாலை கைவிட்ட ஊரின் கதை

[திரையில்: பழைய ரயில்வே வரைபடம். ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன.]

ஆம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டான்பி. இந்தப் பெயர்களின் முதல் எழுத்தை மட்டும் பாருங்கள். ஏ, பி, சி, டி! 1883-இல் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் தண்டவாளம் போட்டவர்கள், நிறுத்தங்களுக்கு ஆங்கில அகரவரிசையிலேயே பெயர் வைத்துக்கொண்டு போனார்கள். ஆளில்லாத இடம்தானே என்ற நினைப்பு. ஆனால் மொஹாவி பழங்குடி மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கொலராடோ ஆற்றங்கரையிலிருந்து பசிபிக் கடற்கரை வரை, ஊற்றுக்கு ஊற்று நடந்துபோன மண் அது.

அந்த வரிசையில் ஜி எழுத்துக்கு வந்த ஊர் காஃப்ஸ். நாம் போவது அங்கேதான்.

[திரையில்: சிறிய பள்ளிக்கூடம், சுற்றிலும் புதர்க்காடு.]

இந்தப் பள்ளிக்கூடம் கட்டியது 1914-இல். 1926-இல், சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா வரை போகும் ரூட் 66 நெடுஞ்சாலை அறிவிக்கப்பட்டபோது, அது காஃப்ஸ் வழியாகத்தான் போனது. அந்தக் காலத்து கார்களின் முன்பக்கத்தில் கித்தான் பை ஒன்று தொங்கும். உள்ளே தண்ணீர். துணியில் கசியும் ஈரம் காற்றில் உலர உலர, உள்ளே இருப்பது குளிர்ந்துவிடும். நம் மண்பானை சங்கதிதான்! ரேடியேட்டர் கொதித்தாலும் அந்தப் பைதான் கைகொடுக்கும். பக்கத்து ஊரான எசெக்ஸில் தண்ணீர் இலவசம் என்பதே அந்த ஊருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது.

1931-இல் சாலையைக் குறுக்கே நேராக்கினார்கள். காஃப்ஸ் ஓரமாகிப்போனது. 1937-இல் பள்ளிக்கூடமும் மூடியது. இதே கதை ஆம்பாய்க்கு 1973-இல் நடந்தது. இன்டர்ஸ்டேட் 40 என்ற புதிய நெடுஞ்சாலை திறந்ததும், அந்த ஊரின் ராய்ஸ் மோட்டல் என்ற சாலையோர விடுதி முன்னால் நின்றுவிட்டுப் போகும் கார்கள் வேறு வழியில் போய்விட்டன. அங்கே 1959-இல் நிறுத்திய, 50 அடி உயர விளம்பரப் பலகை மட்டும் இன்னும் நிற்கிறது. பல வருடம் இருண்டு கிடந்த அதன் விளக்குகள் 2019-இல்தான் மறுபடி எரிந்தன.

சரி, ஊர் கலைந்துபோனால் அதன் கதை எங்கே போகும்? போனவர்களோடு போகும். ஒருவர் மகள் வீட்டில், இன்னொருவர் முதியோர் இல்லத்தில், ஒரு போட்டோ ஆல்பம் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில்.

டென்னிஸ் கேஸ்பியர் என்பவர் இதைப் புரிந்துகொண்டார். படிப்பால் இயற்பியல்காரர், அமெரிக்கக் கடற்படைக்கு வேலை பார்த்தவர். வரலாறு அவருக்குத் தொழில் இல்லை, பைத்தியம். அந்தப் பழங்குடி மக்கள் நடந்த வழியில் பின்னாளில் வண்டிகள் போன பழைய மொஹாவி சாலையின் தடத்தைத் தேடி எடுத்து, நண்பர்களைச் சேர்த்துச் சீராக்கி, வழிகாட்டி நூலும் எழுதினார். பிறகு, 1990 வாக்கில், மனைவியோடு காஃப்ஸுக்கே குடிவந்துவிட்டார். முன்பு அங்கே வாழ்ந்தவர்களைத் தேடிப் பிடித்து, பேசவைத்து, ஒலிநாடாவில் பதிவு செய்தார். அவர்களிடமிருந்த படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டார். எந்தக் கடையில் என்ன விலை, யார் வீட்டில் எத்தனை பிள்ளை என்பதுவரை அவருக்கு வேண்டும். ஒரு பாலைவனத்தின் பயண வரலாறு அரசாணைகளில் இருப்பதைவிட இப்படிப்பட்ட பேச்சில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இடிந்து கிடந்த பள்ளிக்கூடம் பழைய தோற்றத்துக்கே திரும்பியது. இப்போது அதுதான் அருங்காட்சியகம். மொஹாவி பாலைவன மரபு, பண்பாட்டுச் சங்கம் இதை நடத்துகிறது. பக்கத்திலேயே ஆவணக் காப்பகம். கேஸ்பியர் 2021-இல் காலமானார், வேலை நிற்கவில்லை.

[திரையில்: மணல் தடம், ஒரு கம்பம், அதில் தகரத் தபால்பெட்டி.]

அப்புறம், மொஹாவி சாலையில் ஜீப்பில் போகிறவர்கள் நடுவழியில் ஒரு தபால்பெட்டியைப் பார்ப்பார்கள். தபால்காரர் வராத பெட்டி. உள்ளே ஒரு நோட்டுப்புத்தகம் இருக்கிறது. வண்டியை நிறுத்தி, பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, மூடியைச் சாத்திவிட்டுக் கிளம்புகிறார்கள்.