பழி என்னுடையது

(வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, இந்தக் கூடத்தைத் திறந்துவிட்டு, மின்விசிறி ஓடுகிறதா என்று இரண்டு முறை வந்து பார்த்துப் போன நூலகர் அம்மா அவர்களே, என்னை அன்போடு அறிமுகப்படுத்திய செயலாளர் தம்பி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், எனக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த புலவர் ஐயா அவர்களே, பள்ளி விட்டதும் பையோடு நேராக இங்கே வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். புலவர் ஐயா எண்பதைக் கடந்தவர். இந்த வயதில் மாடிப்படி ஏறி வந்திருக்கிறார். அவர் முன்னால் பேசக் கிடைத்ததே எனக்குப் பேறு.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘அமெரிக்க அதிபர்களும் போர்க்களங்களும்’. லிங்கன், ட்ரூமன், ஐசனோவர், கென்னடி என்று நான்கு பேரைக் குறித்து வந்திருக்கிறேன். இவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் அப்பத்தா சொல்லும் பழமொழிதான் காதில் கேட்கும்: ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.’ கூடத்தைக் குறை சொல்லாத நான்கு பேர் இவர்கள்.

முதலில் ஐசனோவர். அவர் அதிபரானது 1953இல். நான் சொல்லப்போவது அதற்கு ஒன்பது ஆண்டு முன்னால், 1944 ஜூன் மாதம் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரை எதிர்த்த நேசப்படைகளுக்கு அப்போது அவர்தான் தலைமைத் தளபதி. ஹிட்லர் பிடித்துவைத்திருந்த பிரான்சில் அந்தப் படைகளை இறக்க வேண்டும். ஏறத்தாழ ஏழாயிரம் கப்பல்களும் படகுகளும், முதல் நாளில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களும் தயார். ஜூன் 5 என்று நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் கடல் கொந்தளிக்கிறது. ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். போர்ட்ஸ்மத் பக்கத்தில் ஒரு பெரிய மாளிகைதான் தலைமையிடம். வானிலை அதிகாரி ஸ்டாக் வந்து, 6ஆம் தேதி புயல் சற்று ஓயும் என்கிறார். சற்றுத்தான். சுற்றிலும் தளபதிகள். எல்லோரும் கருத்துச் சொல்லலாம், முடிவு மட்டும் ஒருவர்தான் எடுக்க வேண்டும். ஐசனோவர் எடுத்தார்.

அன்று மாலை கிரீனம் காமன் விமானத்தளத்துக்குப் போனார். பாராசூட் வீரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு நிற்கிறார்கள். இருபது வயதுப் பிள்ளைகள். இவர்களில் மிகப் பெரும் பகுதியை இழந்துவிடுவோம் என்று விமானப்படைத் தளபதி லீ-மலோரி முன்பே எச்சரித்திருந்தார். அது தெரிந்துதான் ஐசனோவர் அவர்கள் நடுவே போய், எந்த ஊர் தம்பி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதே நாளில் ஒரு சின்னத் தாளை எடுத்து, பென்சிலால் நாலே வாக்கியம் எழுதினார். படையெடுப்பு தோற்றுப்போனால் வெளியிட வேண்டிய அறிக்கை அது. தேதியைக்கூட ஜூன் என்பதற்குப் பதில் ஜூலை 5 என்று போட்டுவிட்டார். எத்தனை களைப்பு இருந்திருக்கும், பாருங்கள்! அந்தத் தாளில் ஓர் அடித்தல் இருக்கிறது. புலவர் ஐயா இதைக் கவனிக்க வேண்டும். முதலில் ‘படைகள் திரும்பப் பெறப்பட்டுவிட்டன’ என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அப்புறம் அதை அடித்துவிட்டு, ‘படைகளை நான் திரும்பப் பெற்றுவிட்டேன்’ என்று திருத்தியிருக்கிறார். வீரர்கள் தங்கள் வீரத்தாலும் கடமையுணர்வாலும் முடிந்ததெல்லாம் செய்தார்கள், இதில் பழியோ குற்றமோ இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்று முடித்து, கடைசிச் சொற்களுக்குக் கீழே கோடும் போட்டார்.

மழை, கடல், ஜெர்மானியப் பீரங்கி, கணிப்புச் சொன்ன அதிகாரி என்று கூடம் கோணல் ஆவதற்கு அவருக்கு எத்தனை காரணம் இருந்தது! ஒன்றையும் எழுதவில்லை. படையெடுப்பு வென்றது. தாளை அவர் பணப்பையிலேயே மறந்துவிட்டார். ஜூலையில் கண்ணில் பட்டபோது, அதை வாங்கிப் பத்திரப்படுத்தியவர் அவருடைய கடற்படை உதவியாளர் புட்சர். இன்றைக்கு அது கான்சஸ் மாநிலம் அபிலினில், ஐசனோவர் நூலகத்தில் இருக்கிறது.

லிங்கனைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 4 அன்று தென்மாநிலத்தார் வசமிருந்த விக்ஸ்பர்க் கோட்டை நகரம் லிங்கனின் தளபதி கிராண்டிடம் சரணடைந்தது. கிராண்ட் போன வழி தப்பு என்று லிங்கன் அதுவரை நினைத்திருந்தார். 13ஆம் தேதி அவருக்கே கடிதம் எழுதினார்: நீங்கள் சொன்னது சரி, நான் நினைத்தது தவறு. நாட்டின் அதிபர் தன் கீழ் இருக்கும் தளபதிக்கு எழுதிய வரி இது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில், 1987 ஜனவரியில் அன்றைய அதிபர் ரீகன் நாடாளுமன்றத்தில் பேசினார். ‘கடுமையான தவறுகள் செய்யப்பட்டன’ என்றார். யார் செய்தார்கள்? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. மார்ச் மாதம் தொலைக்காட்சியில் வந்து, முழுப் பொறுப்பும் என்னுடையது என்று அவரே சொன்னார். அதையும் சொல்வதுதான் நியாயம்.

நண்பர்களே, நம் தமிழில் வினைமுற்றிலேயே ஆள் இருக்கிறார். ‘செய்தேன்’ என்றால் நான், ‘செய்தோம்’ என்றால் நாங்கள். ‘செய்யப்பட்டது’ என்று எழுதினால்தான் ஆள் ஒளிந்துகொள்ள முடியும். மூன்று ஆண்டுக்கு முன் என் ஓய்வூதிய நிலுவை தொடர்பாக ஒரு கடிதம் வந்தது. ‘தங்கள் விண்ணப்பம் கவனக்குறைவாகத் தவறவிடப்பட்டுள்ளது எனத் தெரிவிக்கப்படுகிறது.’ ஒரே வரியில் இரண்டு ‘படு’. தவறவிட்டவரும் இல்லை, தெரிவிப்பவரும் இல்லை. நேரில் போய்க் கேட்டேன். ஐந்து மேசை ஏறி இறங்கினேன். ஒவ்வொருவரும் அடுத்த மேசையைக் கை காட்டினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! பணத்தைவிட எனக்கு வலித்தது அந்த வாக்கியம்தான். விதவைப் பென்ஷனுக்கு நடக்கும் ஒரு தாய் அதே வாக்கியத்தை வாங்கிக்கொண்டு யாரிடம் போய் நிற்பாள்?

பொறுப்பு இங்கேயே நிற்கிறது என்ற பொருளில் எழுதிய ட்ரூமனின் மேசைப் பலகை பற்றியும், 1961இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் தோற்ற பிறகு கென்னடி பொறுப்பைத் தானே ஏற்றுப் பத்திரிகையாளர்களிடம் பேசியது பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. மணி ஏழரை ஆகிவிட்டது, மாணவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

கீழே செய்தித்தாள் மேசையில் ஒரு மனு இருக்கிறது. அரசு அலுவலகத்திலிருந்து மக்களுக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்திலும் முடிவெடுத்தவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும், ‘முடிவு செய்தேன்’ என்றே எழுத வேண்டும் என்பது கோரிக்கை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கடைசி வரி ‘கோரப்படுகிறது’ என்று அச்சாகி வந்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் அதை அடித்து, ‘கோருகிறேன்’ என்று பேனாவால் திருத்தியிருக்கிறேன். முதல் கையெழுத்துப் போட புலவர் ஐயா இசைந்திருக்கிறார். தம்பிகள் இரண்டு பேர் அவரைக் கைப்பிடித்துக் கீழே அழைத்துப் போங்கள். வணக்கம்.