நெஞ்சுவலியும் ஒரு விரலும்

நேயர்களுக்கு வணக்கம்.

நெஞ்சு வலிக்கிறது என்று வரும் பெண்ணுக்கு இ.சி.ஜி. எடுத்து, இரத்தப் பரிசோதனையும் செய்து, இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும், "உங்களுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் மனக்கவலைதான்" என்று சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் ஒழியவில்லை. இதயத்தில் ஒன்றும் இல்லை என்பது வேறு. ஒன்றுமே இல்லை என்பது வேறு.

இதயத்தைச் சோதிக்காமல் பிற காரணங்களைத் தேடுவதும் முறையன்று. மாரடைப்பின்போது மூச்சுத்திணறல், குமட்டல், தாடை வலி, முதுகுவலி, இனம் தெரியாத அசதி ஆகியவை நெஞ்சுவலியோடு சேர்ந்து வருவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆகவே, நான் பேசுவது மருத்துவர் இதயத்தைச் சோதித்துப் பார்த்த பிறகும் திரும்பத் திரும்ப வரும் வலியைப் பற்றி மட்டுமே.

என்னிடம் வந்த ஓர் ஆசிரியை ஓராண்டுக்குள் நான்கு முறை நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்வந்தவர். ஒவ்வொரு முறையும் இ.சி.ஜி. சீராகவே இருந்தது, கோப்புதான் தடித்துக்கொண்டே போனது. வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்டச் சொன்னேன். (இந்த ஒரு விரல் சோதனைக்காக என் மாணவர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு.) மார்பெலும்பின் இடது ஓரத்தில், மூன்றாம் விலா வந்து சேரும் இடத்தில், தயங்காமல் விரலை வைத்தார். அங்கே நான் அழுத்தியதும், "இதே வலிதான் டாக்டர்!" என்று துள்ளிவிட்டார். விலா எலும்பை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்பில் ஏற்பட்ட அழற்சி அது. வாரக்கணக்கில் நீடித்த இருமலுக்குப் பின் தொடங்கியிருந்தது. வலிநிவாரணியும் ஒத்தடமும் உதவின என்பது உண்மையே; ஆயினும் வலிக்கு ஒரு பெயர் கிடைத்ததுதான் அவருடைய நள்ளிரவு ஓட்டத்தை நிறுத்தியது. அழுத்தினால் வலிக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இதயத்தை விட்டுவிடக் கூடாது என்பதை மீண்டும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது உணவுக்குழாய். வயிறு நிறைய உண்டு படுத்தவுடன், அல்லது குனிந்து வேலை செய்யும்போது, மார்பெலும்பின் பின்னால் எரிந்தால், வயிற்று அமிலம் மேலேறுகிறது என்று ஐயப்படலாம். கர்ப்ப காலத்தில் இது மிகவும் சாதாரணம். இதய வலிக்கென்று நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரைக்கு வலி தணிந்தால் அது இதய வலியே என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். உணவுக்குழாய்த் தசையின் இறுக்கத்தையும் அதே மாத்திரை தளர்த்திவிடும் என்பதால், அந்த முடிவு பல வேளைகளில் ஏமாற்றிவிடுகிறது.

வலி வந்த தேதியையும் மாதவிடாய்த் தேதியையும் ஒரே நாட்காட்டியில் குறித்து வருமாறு நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மார்பகத்தில் தோன்றும் வலி நெஞ்சுவலியாகவே உணரப்படலாம். அரிதாக, கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்திலோ நுரையீரலைச் சுற்றியோ வளர்ந்து, மாதவிடாய் நாட்களில், பெரும்பாலும் வலப்பக்க மார்பிலும் தோளிலும், வலியை உண்டாக்கும். கேட்டால் ஒழிய எவரும் இந்தத் தொடர்பைத் தாமாகச் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். கொழுப்பு மிக்க உணவுக்குப் பின் வலது தோள்பட்டை எலும்பு வரை பரவும் பித்தப்பைக் கல் வலி, கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே எரியத் தொடங்கும் அக்கி, சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும் பீதித் தாக்குதல் ஆகியவற்றைப் பெயரளவில்தான் சொல்ல முடிகிறது. ஒன்றை மட்டும் விட முடியாது: மகப்பேற்றுக்குப் பிறகோ, கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் காலத்திலோ, திடீர் மூச்சுத்திணறலோடு நெஞ்சு வலித்தால், அதிலும் ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்திருக்கக்கூடும், அந்த நிலையில் நாட்காட்டி எழுதிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள். வணக்கம்.