கிரீச்சிடும் கதவும் கஸ்டர்டு நிரப்பிய காலுறையும்

நேயர்களுக்கு வணக்கம். நடுநிசி. வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். கொல்லைக் கதவு மெல்லக் கிரீச்சிடுகிறது. நெஞ்சு படபடக்கும், இல்லையா? அதே கதவு விடாமல் அரை நிமிடம் கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தால்? 'இதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட ஆளில்லையா' என்று எரிச்சல்தான் வரும். பயம் போன இடம் தெரியாது. அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான், திகில் கதையை வானொலியில் சிரிப்பாக்கும் வித்தையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பாழடைந்த கோட்டை, பரம்பரைச் சாபம், சுருள்படியில் யாரோ ஏறிவரும் காலடி. இப்படிப்பட்ட ஆங்கிலக் கதைகளைக் கோதிக் கதைகள் என்பார்கள். 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை'தான் இவற்றுக்கு மூத்தது. அதில் கல்யாண நாளன்று ஒரு ராட்சதத் தலைக்கவசம் மேலிருந்து விழுந்து மாப்பிள்ளையை நசுக்கிவிடுகிறது! அந்தக் காலத்தில் இதை நடுங்கிக்கொண்டே படித்திருக்கிறார்கள். நையாண்டிக்காரனுக்கு வேலையே வைக்காத கதை.

வானொலியில் இந்தக் கதைகளைக் கிண்டல் செய்தவர்களில் எனக்குப் பிடித்தவர்கள் பிபிசியின் 'கூன் ஷோ' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் கூட்டத்தார். 1951 முதல் 1960 வரை ஒலிபரப்பானது. பெரும்பாலும் எழுதியவர் ஸ்பைக் மில்லிகன். நம் அகமத்நகரில் 1918இல் பிறந்தவர். உடன் நடித்தவர்கள் பீட்டர் செல்லர்ஸும் ஹாரி சீகோம்பும். 1954இல் 'கால்வாய்' என்றொரு நாடகம் போட்டார்கள். வீட்டருகே பயங்கரமான கால்வாய். மகன் பேரில் இன்ஷூரன்ஸ் எடுத்துவைத்திருக்கும் அப்பா. மகன் தண்ணீரில் விழுந்துகொண்டே இருக்கிறான். மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

அந்த அப்பாவாக வாலண்டைன் டயல் பேசினார். 1943இல் தொடங்கிய திகில் நாடக வரிசையில் 'கறுப்புடை மனிதர்' என்ற பெயரில் கதை சொல்லி நாட்டையே நடுங்கவைத்த குரல் அவருடையது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: அவர் குரலைக் கோணலாக்கவே இல்லை. அதே கல்லறைக் குரல், அதே நிதானம். சொல்லும் விஷயம் மட்டும் அசட்டுத்தனம். நம்மூர் மேடைகளில் பேயாக வருபவர் தானே முதலில் சிரித்துவிடுகிறார். அங்கேயே நாடகம் படுத்துவிடுகிறது.

ஓசைக்கும் அதே கதைதான். சீகோம்ப் சொன்ன ஒரு சம்பவம். கஸ்டர்டு நிரப்பிய காலுறையால் ஒருவரை அடித்தால் எழும் சத்தம் மில்லிகனுக்கு வேண்டியிருந்தது. நேரே பிபிசி கேன்டீனுக்குப் போய்க் கஸ்டர்டு கேட்டார். பாவம், வயிறு சரியில்லை போலும் என்று நினைத்து அங்கிருந்த அம்மாள் ஆசையாகச் செய்து கொடுத்தார். மனிதர் அதை வாங்கி, தன் காலுறைகளைக் கழற்றி, அந்த அம்மாளின் கண்ணெதிரிலேயே அவற்றில் ஊற்றிக்கொண்டார்! அந்த அம்மாளின் முகம் எப்படியிருந்திருக்கும் என்று நினைத்து நான் தனியாகச் சிரித்ததுண்டு. பிறகு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஓடிவந்து, மைக் அருகில் வைத்திருந்த பலகையில் சுழற்றி அடித்தார். எதிர்பார்த்த சத்தம் வரவே இல்லை. கஸ்டர்டும் போயிற்று, காலுறையும் போயிற்று. ஒரு நொடிச் சத்தத்துக்காக இத்தனை பாடு, நேயர்களே! கேட்கிறவர் காது ஏமாறாமல் பயமும் வராது, சிரிப்பும் வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். வானொலிக்கு நூறாண்டுக்கு முன்பே, 1817 கடைசியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே' நாவலில் அவர் இதே விளையாட்டை ஆடிவிட்டார். புயல் இரவு, பழைய கறுப்பு அலமாரி, உள்ளே ஒரு காகிதச் சுருள். எடுத்ததும் மெழுகுவர்த்தி அணைந்துவிடுகிறது. கதாநாயகி நெடுநேரம் நடுங்கிக் கிடக்கிறாள். காலையில் பிரித்துப் பார்த்தால், சலவைக் கணக்கு!

நேரமாகிவிட்டது. வணக்கம்.