காட்டு எல்லையை ஊர் நடந்து வரையட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

காட்டைக் காப்பதில் மக்கள் பங்கேற்பு என்றதும், வனத்துறை கூப்பிட்ட நாளில் ஊரே போய்க் கன்று நடுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அது கூலி வேலை. எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது என்று ஊர் கூடி முடிவெடுப்பதுதான் பங்கேற்பு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. சமூக வன வள உரிமை என்று அதற்குப் பெயர். கேட்பதற்குப் படிவம் 'சி'.

படிவத்தை நிரப்புவது எளிது. வரைபடத்தில்தான் பாடு. கிராம சபை தேர்ந்தெடுக்கும் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழு, எல்லை தெரிந்த பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு காட்டை நடந்தே சுற்ற வேண்டும். தேன் எடுக்கும் பாறை, சாமி கல், இடுகாடு, பழைய மாட்டுப்பட்டி, கோடையிலும் வற்றாத ஊற்று என்று ஒவ்வொன்றிலும் நின்று, ஊரில் வழங்கும் பெயரை எழுதுங்கள். கைப்பேசியில் ஜிபிஎஸ் புள்ளியும் எடுங்கள். ஓடைதான் எல்லை என்றால் எந்தக் கரை என்று குறியுங்கள். அதே ஊற்றில் பக்கத்து ஊர் மாடும் தண்ணீர் குடிக்கும். அவர்களை விட்டுவிட்டுக் கோடு போட்டால் பிறகு சண்டைதான். இரண்டு ஊர்க் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச விதியிலேயே இடம் இருக்கிறது.

கள ஆய்வுக்கு முன் வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கி வையுங்கள். அந்த ஒரு தாள் பிறகு உங்களைக் காப்பாற்றும். "நாங்கள் இல்லாமல் அளந்தார்கள்" என்று ஆட்சேபம் வந்தால் மறு ஆய்வு நடக்கும். அதற்கும் அவர்கள் வராவிட்டால், ஆய்வு குறித்துக் கிராம சபை எடுத்த முடிவே இறுதி.

மனுக்கள் திரும்பி வருவதற்கு இன்னொரு காரணம் வருகைப் பதிவேடு. சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 300 உறுப்பினர்கள் உள்ள சபையில் 150 பேர் வந்தால், அதில் 50 பெண்கள். விறகுக்கும் நெல்லிக்காய்க்கும் காட்டுக்குள் போகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர் என்பதால், அவர்கள் சொல்லாமல் வரைபடமே நிறைவாகாது. கூட்டத்தைச் சந்தை நாளில் வைக்காதீர்கள்.

உரிமை ஆவணம் கிடைத்த பிறகு, காட்டை எப்படிப் பேணுவது என்று ஊர் எழுதும் நிர்வாகத் திட்டம். சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய கர்நாடகத்து பிளிகிரி ரங்கன் மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே 2011-இல் சோளகர் பழங்குடி ஊர்கள் இந்த உரிமையைப் பெற்றன. அங்கே பெரிய தொல்லை லண்டானா எனப்படும் உண்ணிச்செடி. சருகை மட்டும் மெல்ல எரிக்கும் 'தரகு பெங்கி' நின்றுபோன பிறகே அது பெருகியது என்கிறார்கள் சோளகர் பெரியவர்கள். இப்படிப்பட்ட அறிவைத் திட்டத்தில் எழுத்தில் ஏற்றி, வனத்துறையோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

உண்ணியை அரிவாளால் வெட்டினால் அடியிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே, துளிர்க்கும் கழுத்துக்கும் அடியில், ஆணிவேரை வெட்டிப் புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். வேர் மண்ணில் படாமல் காய்ந்துவிடும். காய் பிடிக்கும் முன்பே செய்வது நல்லது. அடுத்த மழைக்குப் பின் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், முளைத்த கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள். அந்த இரண்டாவது நடைக்கான ஆளையும் கூலியையும் முதலிலேயே திட்டத்தில் எழுதி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.